புள்ளிக்கோட்டுக்காரர்கள்

உலகத்தில் கோடு போடுகிறவர்கள் இரண்டு வகை. முழுக்கோடு போடுகிறவர்கள் முதல் வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றும் இல்லை. இரண்டாவது வகைதான் நம் ஆட்கள். புள்ளிக்கோட்டுக்காரர்கள். எங்கேயாவது இரண்டு பொருள் பக்கம் பக்கமாக இருந்துவிட்டால் இவர்களுக்குக் கை சும்மா இருக்காது. நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு கோட்டை இழுத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்து, "இதுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு இது இருக்கு" என்பார்கள். எது இருக்கிறது? கேட்டுப் பாருங்களேன். "அதான், ஒரு இது."

நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல் மருத்துவர் வாசலில் அரை மணி நேரம் பக்கத்து நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை அடுத்த மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்கிறவர். மேலதிகாரி ஒருமுறை லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டதை வைத்து, "என் மேல அவருக்கு ஒரு தனி அபிப்பிராயம்" என்று பதவி உயர்வு வரைக்கும் மனக்கோட்டை கட்டிவிடுகிறவர். இரண்டு பேர் ஒரே நாளில் லீவு போட்டால் மூன்றாம் நாள் அவர்களுக்கு மாலை மாற்றி வைத்துவிடுகிறவர். எல்லாரும் ஓரினம்.

ஆனால் இந்த இனத்தை அதன் உச்சத்தில் பார்க்க வேண்டுமானால் தாமிரத்தின் அணைவுச் சேர்மங்களைப் படிகமாக வளர்க்கும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். மற்ற இடங்களில் புள்ளிக்கோட்டை மனசுக்குள் போடுகிறார்கள். இங்கே அதற்குப் பட்டமே கொடுக்கிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு தாமிர அணு நடுவில் உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் நாலைந்து பேரைக் கையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு பேர் வந்துவிட்டால் நாலு பேரைக் கிட்டே இழுத்துக்கொண்டு இரண்டு பேரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும். குடும்பக் கூட்டங்களில் பெரிய மாமா செய்வதேதான். இந்தப் பிடிப்புகளுக்கெல்லாம் படத்தில் முழுக்கோடு. இப்படி ஒவ்வொரு தாமிரமும் தன் பரிவாரத்தோடு நிற்க, ஒரு பரிவாரத்தில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறு பக்கத்துப் பரிவாரத்து ஆக்சிஜனை நோக்கித் தன் ஹைட்ரஜனை லேசாக நீட்டும். தொட்டும் தொடாமலும் ஒரு பிடி. அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. அதற்குத்தான் புள்ளிக்கோடு. நீலமாக மினுங்கும் அந்தப் படிகம் பொடிப்பொடியாக உதிராமல் நிற்பதில் இந்த லேசான பிடிக்கும் பெரிய பங்கு உண்டு. ஆக, புள்ளிக்கோடு பொய் இல்லை. கஷ்டமே அங்கேதான்.

இப்போது நம் கதாநாயகியைப் பாருங்கள். ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவள் 'புள்ளியக்கா'. அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் அவள் அப்பா ஒருவர்தான். அதுவும் அந்த வாசலின் இரும்புக் கேட்டைப் பற்றவைக்க. அவர் வெல்டர். ஆகவே அவள் எதைச் செய்தாலும் இரண்டு மடங்கு கவனத்தோடு செய்வாள். முகவையில் நீலக் கரைசலை ஊற்றி, வாயில் அலுமினியத் தாளைக் கட்டி, ஊசியால் ஏழு ஓட்டை போடுவாள். எட்டு போட்டால் படிகம் அவசரப்படும், ஆறு போட்டால் கோபித்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, 'தும்ம வேண்டாம்' என்று எழுதி ஒட்டுவாள். பதினெட்டு நாள் கழித்துக் கடுகு அளவில் ஒரு நீலப் படிகம் கிடைத்தால், அதை எண்ணெயில் தோய்த்து, கண்ணாடி இழையின் நுனியில் ஏற்றி, எக்ஸ் கதிர் எந்திரம் இருக்கும் அறைக்கு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவாள். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள்.

எந்திரம் தன் வேலையை முடித்துத் தந்த பிறகுதான் இனத்தின் உண்மையான சடங்கு ஆரம்பம். திரையில் மூலக்கூறு தெரியும். அதை மவுஸால் இப்படித் திருப்புவாள், அப்படித் திருப்புவாள், தலைகீழாக்குவாள்; அது திரும்பாத கோணத்துக்குத் தன் கழுத்தைத் திருப்புவாள். திடீரென்று மூச்சு நின்றுவிடும். "இங்க பாரு! ரெண்டு புள்ளி எட்டு!" ஆங்ஸ்ட்ராம் கணக்கு அது; ஒரு மில்லிமீட்டரைக் கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு. இரண்டு ஆக்சிஜன்கள் அவ்வளவு கிட்டே நின்றால் நடுவில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சரி, மூன்று புள்ளி இரண்டு என்றால்? "கொஞ்சம் மெல்லிய பிணைப்பு." மூன்று புள்ளி ஐந்து? "ரொம்ப மெல்லிய பிணைப்பு." அதற்கும் மேலே போனால்? வரம்பைத் தள்ளி வைத்துக்கொள்வாள். பாவம், அணுக்களை நகர்த்த முடியாதே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஹைட்ரஜன் வேண்டும். ஆனால் எக்ஸ் கதிரின் கண்ணுக்கு ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது. தாமிரத்தின் பக்கத்தில் ஹைட்ரஜனைத் தேடுவது, எதிரே வரும் லாரியின் விளக்குக்குப் பக்கத்தில் மின்மினியைத் தேடுகிற மாதிரி. அதனால் பல நேரம் ஹைட்ரஜனை 'இங்கேதான் இருக்கும்' என்று நாமே உட்கார வைக்க வேண்டியிருக்கும். எங்கே உட்கார வைப்பது? பிணைப்பு இருக்கும் பக்கம்தான். பிணைப்பு எங்கே இருக்கிறது? ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான். இந்த நியாயத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஐந்து வருஷமாக அவளுக்கே தெரியவில்லை.

ஆய்வகத்தோடு நின்றதா இந்தப் பழக்கம்? ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு நாள் தொடர்ந்து "வாங்கம்மா" என்றதில் ஒரு கோடு. பேருந்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் கொட்டாவி விட்ட இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு. எக்ஸ் கதிர் எந்திரத்தை இயக்குகிற இளைஞன் ஒருநாள் அவள் மறந்து வைத்த பேனா மூடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். அந்த மூடியில் ஆரம்பித்த புள்ளிக்கோடு மூன்று மாதத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு வீட்டு மாடி வரைக்கும் நீண்டுவிட்டது. கடைசியில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்து, மிகுந்த பணிவோடு, "சேம்பிள் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றான்.

அன்று மட்டும் அவள் திரையில் கோடு எதுவும் போடவில்லை. மறுநாள் சேர்த்துப் போட்டுவிட்டாள்.

இப்படியாக ஆய்வேடு முடிந்தது. அதன் நாலாவது அத்தியாயம்தான் மகுடம். தலைப்பு: 'ஹைட்ரஜன் பிணைப்பால் கோக்கப்பட்ட முடிவில்லாத் தாமிரச் சங்கிலி'. அட்டையைத் திறந்ததும் மடித்து ஒட்டிய பெரிய வண்ணப்படம். நீல உருண்டைகள் தாமிரம், சிவப்பு உருண்டைகள் ஆக்சிஜன், நடுவே ஊர்வலம் போகும் எறும்பு மாதிரி புள்ளிக்கோடுகள். வாய்மொழித் தேர்வு இருபத்தாறாம் தேதி. ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்து மேஜையில் கிடந்தது: முதல் தேதிக்குள் வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டால் விரிவுரையாளர் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு. அப்பா அதற்குள் தகரத்தில் 'முனைவர்' என்று எழுத்து எழுத்தாக வெட்டி, வீட்டுக் கேட்டில் பற்றவைக்கத் தயாராக எடுத்து வைத்துவிட்டார்.

இருபத்தைந்தாம் தேதி ஒத்திகை. பார்வையாளர் ஒருத்திதான், அவளுக்கு இரண்டு வருஷம் இளையவள், சாயப் பொருட்களில் ஆய்வு செய்கிறவள், அதனால் பெயரும் 'சாயம்'. சாயத்துக்குப் படிகமும் தெரியாது, பயமும் தெரியாது. காலை ஸ்டூலின் கம்பியில் ஏற்றி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் கையைத் தூக்கினாள்.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம். சின்னப்புள்ளத்தனமா இருக்கும், திட்டாதீங்க."

"கேளு. நாளைக்கு வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் கேக்கறதுக்கு முன்னாடி நீயே கேட்டுடு."

"தண்ணிக்கு எத்தன ஹைட்ரஜன்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாடி? ரெண்டு."

"எல்லா தண்ணிக்கும்?"

"எல்லா தண்ணிக்கும்தான்."

"அப்ப உங்க தண்ணிக்கு ஏன் மூணு இருக்கு?"

புள்ளியக்கா திரும்பித் திரையைப் பார்த்தாள். சங்கிலியின் நடுக்கண்ணியாக நின்ற தண்ணீர், இடப்பக்கம் ஒரு ஹைட்ரஜனை நீட்டியிருந்தது. மேலே ஒன்றை நீட்டியிருந்தது. வலப்பக்கத்துப் பரிவாரத்தை நோக்கி, எந்தக் கூச்சமும் இல்லாமல், மூன்றாவதாக ஒன்றையும் நீட்டியிருந்தது. பட்டியலைப் புரட்டினாள். H1, H2, H3 என்று மூன்றும் வரிசையாக, தூரம் கோணம் எல்லாம் நாலு தசம இடம் வரை போட்டு, அவள் கையாலேயே. முதல் இரண்டும் எந்திரம் மங்கலாகவாவது காட்டிக்கொடுத்தவை. மூன்றாவது? இரண்டு ஆக்சிஜன் இரண்டு புள்ளி எட்டில் நின்றதைப் பார்த்த பரவசத்தில், 'நடுவில் இருந்தாக வேண்டும்' என்று அவளே கொண்டுபோய் உட்கார வைத்தது. பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் அங்கே இருக்கும் சரிபார்க்கும் நிரல் கூச்சல் போட்டிருக்கும். ஆய்வேடு வெறும் காகிதம். காகிதம் கத்தாது. நெறியாளர் படித்தார், இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்தார்கள், அட்டை போட்டவர்கூடப் புரட்டிப் பார்த்து "படம் நல்லா இருக்கு" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை எண்ணியிருந்தால் பிடித்திருக்கும். படித்தவர்கள் யாராவது எண்ணுவார்களா?

"அக்கா? அதுவும் ஒரு வகைத் தண்ணியா அக்கா?" என்றாள் சாயம் ஆறுதலாக.

ஓடினாள் நெறியாளரிடம். அவரும் இனத்தைச் சேர்ந்தவர்தான், மூத்த கிளை. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணாவதை எடுத்துட்டா என்ன ஆகும்?"

"சங்கிலி அறுந்துடும் சார். ரெண்டு ரெண்டா ஜோடியாத்தான் நிக்கும். தலைப்பே போயிடும்."

"அப்ப எடுக்காத."

"தேர்வாளர் கேட்டார்னா சார்?"

"கேக்க மாட்டார். அவர் யாரு? நம்ம ஆளு."

"உங்களுக்குப் பழக்கமா சார்?"

"பின்ன? என்னோட நெறியாளரோட அறைத்தோழர் இருந்தாரே, அவரோட மாணவர்கிட்டதான் இவர் படிச்சார்!"

எத்தனை புள்ளி, எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தாள். அப்பா ஆய்வேட்டை மடியில் வைத்து, வண்ணப்படத்தைப் பிரித்து, கேட்டுக்கு அளவெடுப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னம்மா, கோடு விட்டு விட்டு ஓடுது? டேக் மட்டும் அடிச்சுட்டு விட்டுட்டியா?"

முழு நீளத்துக்கும் பற்றவைக்கும் முன்னால் இரும்பு நகராமல் இருக்க அங்கங்கே பொட்டு வைப்பதற்கு அவர் தொழிலில் அதுதான் பெயர்.

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்ப்பா. லேசான பிடிப்பு."

"தாங்குமா?"

"நிறைய சேர்ந்தா தாங்கும்."

"அது சரி. நானும் ஒருதடவ டேக் அடிக்காமலே அடிச்சதா நெனச்சு கேட்டைத் தூக்கி நிறுத்தினேன். என் கால் மேலயே விழுந்துச்சு. பத்து நாள் நொண்டினேன், உங்க அம்மா பத்து நாளும் சிரிச்சா." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். "நீ போய்த் தூங்குமா. நாளைக்கு டாக்டர்!"

அவள் சிரிக்கவில்லை. பொய்யா சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். இல்லையே, பொய் சொல்கிறவளுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரிந்திருக்கும். இவளுக்கு அங்கே ஹைட்ரஜன் தெரிந்தது. நிஜமாகவே தெரிந்தது. வேண்டும் வேண்டும் என்று பார்த்தால் எதுதான் தெரியாது? ஆனால் நாளைக்கு? நாளைக்குத் தெரிந்தே நின்றால்?

இருபத்தாறாம் தேதி காலை புறத்தேர்வாளர் வந்தார். வந்தவர் நெறியாளரின் கையைக் குலுக்கி, "நாம ரெண்டு பேரும் ஒரே ஊதா நிறத்துல சட்டை போட்டிருக்கோம், கவனிச்சீங்களா? தற்செயல்னு நான் நம்ப மாட்டேன்" என்றார். புள்ளியக்காவுக்குப் புரிந்துவிட்டது. இவர் சாதாரண ஆள் இல்லை. இனத்தின் தலைவர்.

நாலாவது அத்தியாயத்தின் படம் திரையில் வந்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அழகு! அழகு!" லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி வண்டு மாதிரி படமெங்கும் சுற்றியது. "இங்க ஒண்ணு விட்டுட்டீங்களேம்மா! இந்த ஆக்சிஜனும் அந்தக் குளோரினும். தூரம் என்ன?"

"மூணு புள்ளி ஆறு சார். ரொம்பத் தூரம்."

"தூரமா இருந்தா என்ன? பார்க்கற பார்வையைப் பாருங்க!" ஐந்து கோடுகள் இருந்த இடத்தில் பத்து நிமிஷத்தில் ஒன்பது ஆக்கிவிட்டார். நெறியாளர் பூரித்துப்போய்த் தண்ணீர் குடித்தார். கடைசியில் சிவப்புப் புள்ளி நடுக்கண்ணித் தண்ணீரின் மேல் வந்து உட்கார்ந்தது. சரியாக மூன்றாவது ஹைட்ரஜனின் மேல்.

"இதுதான் உங்க ஆய்வோட உயிர். இந்த ஒரு தண்ணி இல்லன்னா சங்கிலியே இல்ல. என்ன சொல்றீங்க?"

"ஆமாம் சார்" என்றால் போதும். இரண்டே வார்த்தை. முதல் தேதி, வேலை, கேட்டில் ஏற வேண்டிய தகர எழுத்துகள், எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்கு அந்தப்பக்கம் வரிசையாக நின்றன. அவள் வாயைத் திறந்தாள்.

"சார், அந்தத் தண்ணிக்கு மூணு ஹைட்ரஜன் இருக்கு."

"ரொம்ப சந்தோஷம்!"

"இல்ல சார். அது தண்ணி சார்."

 நெறியாளர் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ண ஆரம்பித்தார். கடைசி வரிசையில் சாயம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"மூணாவது?" என்றார் புறத்தேர்வாளர்.

"நான் வெச்சது சார். எந்திரம் காட்டல. அங்க இருந்தா நல்லா இருக்கும்னு வெச்சுட்டேன். நேத்துதான் எண்ணிப் பார்த்தேன்."

கரும்பலகைக்குப் போனாள். படத்தை மறுபடி வரைந்தாள், மூன்றாவது இல்லாமல். முடிவில்லாத சங்கிலி இரண்டு இரண்டாக அறுந்து விழுந்தது. ஆனால் ஒவ்வொரு ஜோடியும் எதிரெதிரே நின்று, இவன் ஹைட்ரஜனை அவனுக்கும் அவன் ஹைட்ரஜனை இவனுக்கும் நீட்டி, இரண்டு புள்ளிக்கோட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. "இது ரெண்டும் நிஜம் சார். எந்திரத்துலயே தெரியுது. தலைப்பு தப்பு. முடிவில்லாததுன்னு ஒண்ணும் இல்ல. ஜோடிதான்."

புறத்தேர்வாளர் தன் மடிக்கணினியைத் திறந்தார். அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பழைய கட்டுரை அதில் இருந்தது. பதினேழு வருஷமாக மாநாடு மாநாடாகக் காட்டிவரும் படம். அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மேஜைக்கடியில் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவது எதிரே நின்றவளுக்குத் தெரிந்தது. அவர் உதடு தானாக அசைந்தது.

"...மூணு... நாலு."

"என்ன சார் நாலு?" என்றார் நெறியாளர்.

"ஒண்ணுமில்ல. மணி நாலாயிடுச்சேன்னு பார்த்தேன்."

அப்போது மணி பதினொன்று இருபது.

அறிக்கையை அங்கேயே எழுதினார்: நாலாவது அத்தியாயத்தைத் திருத்தி இருபது நாளில் தர வேண்டும், தேறினார், பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன். அவளுடைய நேர்மையை மெச்சி எழுதினாரா, அவள் கண் தன் விரல்களைப் பார்த்துவிட்டது என்று எழுதினாரா? அவருக்கே தெரிந்திருக்காது. வெளியே நடைபாதையில் அவளைத் தனியாக நிறுத்தி, குரலைத் தணித்து, "எண்ணிக்கை விஷயமெல்லாம் நமக்குள்ளயே இருக்கட்டும்மா. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நல்ல பிணைப்பு வந்துடுச்சு, பார்த்தீங்களா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். தூரம் என்னவோ குறைவுதான்.

"சார், உங்க கட்டுரையத் திருத்தி வெளியிட்டீங்கன்னா சொல்லுங்க. என் அத்தியாயத்துல கண்டிப்பா மேற்கோள் காட்டறேன்."

அவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அவள் முதல் தேதி வேலையில் சேர்ந்தாள். 'ஜோடி' என்ற புதுத் தலைப்போடு அத்தியாயத்தைக் கெடுவுக்கு முன்னாலேயே கொடுத்தும் விட்டாள். தலைவரின் திருத்தம் மட்டும் இன்னும் வெளிவரவில்லை. அவர் அடுத்த மாநாட்டுக்கு அதே படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாகக் கேள்வி.

அவள் கோடு போடுவதை விட்டுவிட்டாளா? எங்கே விட்டாள்! போடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அதற்குள் பாதிக் கோடுகள் கோபித்துக்கொண்டு போய்விடுகின்றனவாம்.

சரி, நீங்கள் ஏன் இவ்வளவு நேரமாக அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்? படிக்கப் படிக்க உங்களுக்கு யாரோ ஞாபகத்துக்கு வந்துவிட்டார், இல்லையா? அலுவலகத்தில் ஜன்னலோர மேஜைக்காரர். அல்லது மனைவி வழியில் ஒரு சித்தப்பா. 'அச்சு அசல் அவரேதான்! இதை எழுதினவருக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படி எழுத முடியாது' என்று முடிவே கட்டியிருப்பீர்கள். ஐயா, அம்மா, அவரை நான் பார்த்ததே கிடையாது. அவருக்கும் இந்தக் கட்டுரைக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறதே, கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது யாருடைய கையெழுத்து?